ஏழாவது டேக்

வெட்கத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாதது இது. பல வருடங்களுக்கு முன் நடந்த ஒரு தலைவரின் படுகொலை பற்றிய டிவி தொடருக்கு, பெங்களூரில் நான் உதவி இயக்குநர். கொலைக்குப் பிறகு போலீஸ் தமிழர் வீடுகளைச் சோதனை போடும் காட்சிக்கு ஆள் குறைந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் முருகேசன் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

சுவரோரம் கைகளைத் தூக்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கைகள் நடுங்கின. அது இயக்குநருக்குப் பிடித்துப்போய், ஆறு டேக் எடுத்தார்.

இடைவேளையில் டீ கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்தக் கொலை நடந்தப்போ என்னை நிஜமாவே கூட்டிட்டுப் போனாங்கப்பா. நாலு நாள் ஸ்டேஷன்ல இப்படித்தான் நிக்க வெச்சாங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணா?"

"நீ வீடு தேடி வந்து கேட்ட. எப்படி மாட்டேங்கறது?"

"இன்னொந்து டேக், குளோசப்!" என்று இயக்குநர் கன்னடத்தில் குரல் கொடுத்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுண்ணா," என்றேன்.

அவர் சுவரோரம் போய்க் கைகளைத் தூக்கினார்.

தொடர் வந்ததும் எல்லோரும் கேட்டார்கள், "பிரமாதமா நடிச்சிருக்காரே, யாருங்க அவர்?"

"எங்க தெருக்காரர்தான்," என்று பெருமையாகச் சொன்னேன். அது நடிப்பில்லை என்று மட்டும் சொல்லவில்லை.