பதினோரு மணி மஞ்சள்

அந்த அட்டைத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைப் பம்ப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈர அட்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் பெரிய பம்ப் ஒன்று பின்பக்கத்துத் தனி அறையில் ஓடும். அதன் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் அவள். எண்ணெய் மட்டம் பார்ப்பாள். மணிக்கொரு தரம் சூட்டையும் அழுத்தத்தையும் நோட்டில் எழுதுவாள். தரையில் சொட்டியதைத் துடைப்பாள். பம்ப் நின்றால் முன்னால் இருக்கும் லைன் முழுக்கப் படுத்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

அந்த அறை அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே வருகிறவரின் வாய் அசைவது தெரியும், சொல் கேட்காது. ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியில் அது ஒரு குறை. பம்ப் அறைக்குள் எல்லோருமே ஊமைதான்.

கேன்டீனில் பெண்களுக்கென்று ஒரு மேஜை உண்டு. சேர்ந்த புதிதில் நாலு நாள் போய் உட்கார்ந்து பார்த்தாள். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய் வெகு காலமாகிறது என்பதை எப்படித் தொடங்குவது என்று இவள் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு துணிக்கடைக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்கே வந்துவிட்டாள். கதவில் சிவப்பு எழுத்தில் 'இயந்திரப் பகுதியில் உணவு கூடாது' என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

பம்பை ஓட்டும் கியர் பாக்ஸ் எப்போதும் சூடாக இருக்கும். கை வைத்தால் சுடாது, ஆனால் எடுக்கவும் மனம் வராது, அந்த அளவுச் சூடு. அதன் மேல், பின்பக்கமாக, சுவருக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் நடுவில், ஒரு டப்பா வைக்க இடம் இருந்தது. பதினோரு மணிக்கு வைத்தால் பன்னிரண்டரைக்கு அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி இருக்கும். யாராவது வருவது கதவுக் கண்ணாடியில் தெரிந்தால் டப்பாவைச் சட்டென்று எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவாள். பதினோரு வருடத்தில் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் கம்பெனி எல்லா மெஷினிலும் சென்சார் ஒட்டியது. தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மெஷினின் அதிர்வையும் சூட்டையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். சுவரில் ஒரு திரை. எல்லாம் நன்றாக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. மஞ்சள் வந்தால் திரையின் மூலையில் இருக்கும் 'நிபுணர் உதவி' என்ற பட்டனைத் தொட வேண்டும். ஒரு படிவம் திறக்கும். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன மாறியிருக்கிறது என்று மூன்று கட்டங்கள். எழுதி அனுப்பினால் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்.

நாலரை மாதம் பச்சையாகவே இருந்தது. போன மாதம் ஏழாம் தேதி பதினோரு மணிக்கு மேல் முதல் மஞ்சள் வந்தது.

அவள் ஃபோர்மனைக் கூப்பிட்டாள். அவர் ஃபிட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வந்து நிற்பதற்குள் மஞ்சள் பச்சையாகிவிட்டது. மறுநாளும் பதினோரு மணிக்கு மஞ்சள். மறுநாளும் அவர்கள் வந்ததும் பச்சை.

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே மெஷினுக்கு நடுக்கம் நின்னுடுது தலைவரே," என்றான் ஃபிட்டர், கதவுக்கு வெளியே வந்ததும். "வீட்டுலயும் இப்படித்தானா?"

"வாயை மூடு. ரெண்டு மாசம் முன்னாடி இந்த பேரிங்கை மாத்துனது யாரு? நீதானே? கோணலா உட்கார வச்சிருப்ப. சூடேறுனதும் ஆடுது."

"நான் வச்ச பேரிங் நாப்பது வருஷம் ஓடும்."

"திறந்து பார்த்தா தெரியும்."

ஃபிட்டர் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் மறுநாள் அவன் வந்து கியர் பாக்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. அந்த அறைக்குத் தினமும் எட்டிப் பார்க்கும் ஒரே ஆள் அவன்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று, "அக்கா, உயிரோட இருக்கியா?" என்று வாயசைப்பான். அவள் தலையாட்டுவாள். சில நாள், வேலைக்கு வந்து திரும்பும் வரை அவளிடம் யாரும் கேட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவள் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். என்ன பார்த்தீர்கள் என்ற கட்டத்தில் 'மஞ்சள்' என்று எழுதினாள். என்ன மாறியிருக்கிறது என்பதில் ஒன்றும் எழுதவில்லை.

நிபுணர் கூப்பிட்டார். ஃபோர்மன் போனை அவள் கையில் திணித்தார். "நீதானம்மா நாள் பூரா பக்கத்துல இருக்க, நீயே பேசு." அவள் வெளி நடைக்கு வந்து காதில் வைத்தாள்.

"வணக்கம் மேடம்," என்றது ஓர் ஆண் குரல். யாரைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நடையில் வேறு யாரும் இல்லை.

"தினம் பகல்ல ஒன்றரை மணி நேரம் மட்டும் வருது. இடையில யாராவது பார்க்க வந்தா நின்னுடுது. ஞாயித்துக்கிழமை வரவே இல்ல. ஞாயித்துக்கிழமை மெஷின் ஓடுமா மேடம்?"

"ஓடும் சார்."

"அப்ப அன்னைக்கு என்ன வித்தியாசம்?"

அவள் ஃபோர்மனிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் சீராக வரும் என்றார் அவர். அதை அப்படியே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை, அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான் என்பதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் இருப்பவற்றோடு அவளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை.

"சரி. ஏழாம் தேதிக்கு முந்தின நாள் அங்க என்ன மாறுச்சு? புது எண்ணெய், புது பெல்ட், ஏதாவது ஒண்ணு?"

ஒன்றும் மாறவில்லை என்று ஃபோர்மன் கையாட்டினார். அவளும் அதையே சொன்னாள். ஆனால் தேதியைக் கேட்டதும் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று காலையில்தான் மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பிப் போனாள். ஆனால் அதற்கும் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை. ஒன்றில் மட்டும் விளக்குப் போட்டாள். மகள் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம். நீ?"

"இங்க இப்பதான் வேலைக்கே கிளம்புறேன். உன் டப்பா சூப்பரும்மா, பையைத் தலைகீழாப் போட்டாலும் ஒரு சொட்டு சிந்தல. என் டப்பாவை வச்சு நீ எப்படிச் சமாளிக்கிற? அதுக்குத்தான் ஒரு பக்கக் கொக்கி போயிடுச்சே."

"எனக்கு அது போதும்."

கிளம்பும் அவசரத்தில் மகள் எடுத்துப் போனது அவளுடைய கனமான டப்பாவை. விட்டுப் போனது பள்ளிக்கூடத்து நாளிலிருந்து வைத்திருந்த சின்ன டப்பா. மூடியில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு குட்டி ஸ்பூன். ஒருத்திக்கு அந்த அளவே தாராளம். ஸ்பூனை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. கையால்தான் சாப்பிடுவாள். ஆனாலும் தினமும் கழுவித் திரும்பப் பள்ளத்திலேயே வைத்தாள்.

வியாழக்கிழமை நிபுணர் மறுபடி கூப்பிட்டார். காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்செட் ஒன்றை ஃபோர்மன் கொடுத்து, உள்ளே போய்ப் பேசச் சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டார். மணி பதினொன்றேகால். திரை மஞ்சளாக இருந்தது.

"நான் இங்க நேரடியாப் பார்த்துட்டு இருக்கேன் மேடம். கியர் பாக்ஸ் மேல கை வச்சுச் சொல்லுங்க. முன்பக்கம் அதிர்வு அதிகமா, பின்பக்கமா?"

முன்பக்கம் வைத்தாள். பின்பக்கம் கை வைக்க இடம் வேண்டும். டப்பாவை எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

"ஆ! இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே சார்."

"சட்டுன்னு நின்னுடுச்சே. சரி, முதல்ல இருந்த மாதிரியே இருங்க."

முதலில் இருந்த மாதிரி என்றால்? அவள் டப்பாவைப் பார்த்தாள். எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"வந்துடுச்சு! எதைத் தொட்டீங்க மேடம்?"

அவள் மூடிமேல் ஒரு விரலை வைத்தாள். விரல் நுனியில் ஸ்பூன் குதித்துக்கொண்டிருந்தது, கோழி கொத்துகிற மாதிரி, ஓயாமல். பம்ப் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்ததே இல்லை. சென்சாருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

"எதையும் தொடல சார்," என்றாள்.

டப்பாவை எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். இனிமேல் வைக்காமல் இருந்தால் போயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

சாயங்காலம் ஃபோர்மன் ஃபிட்டரை அந்த நடையிலேயே நிறுத்திச் சொன்னதை அவள் கண்ணாடிக்கு உள்ளிருந்து வாயசைவில் படித்தாள். "நிபுணருக்கே பிடிபடல. காரணம் தெரியாம விடக்கூடாது, திறந்து பாருங்கன்னு எழுதிட்டாரு. மேனேஜர் கையெழுத்தும் ஆயிடுச்சு. சனிக்கிழமை லைனை நிறுத்துறோம். உள்ள உன் கை வேலைன்னு தெரிஞ்சா, நீ திங்கக்கிழமை வர வேண்டாம்."

ஃபிட்டர் கையிலிருந்த ஸ்பானரைப் பையில் போட்டான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். வாயசைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வந்தது. டப்பா பைக்குள் இருந்தது. திரை பச்சை. அவள் எழுந்து பட்டனைத் தொட்டாள். அனுப்புகிற படிவம் ஃபோர்மனுக்கும் மேனேஜருக்கும் சேர்ந்தே போகும் என்று அவளுக்குத் தெரியும். நேரில் போய்ச் சொல்லலாம், ஆனால் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவர்கள் மீதியை வேறு விதமாக நிரப்பிக்கொள்வார்கள். எழுத்து அப்படி இல்லை. ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, முக்கால் மணி நேரம் எழுதினாள்.

'ஆறாம் தேதி என் மகள் வெளிநாடு போனாள். என் டப்பாவை அவள் கொண்டுபோனாள். அவள் டப்பாவை நான் கொண்டுவருகிறேன். அதன் மூடியில் ஸ்பூன் இருக்கிறது. கொக்கி சரியில்லை. அதைக் கியர் பாக்ஸ்மேல் வைத்தேன். சாப்பாடு சூடாக இருக்கும். யாராவது வந்தால் எடுத்துவிடுவேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. நேற்று சாரிடம் பொய் சொன்னேன். பேரிங் நன்றாக இருக்கிறது. ஃபிட்டர் தம்பிமேல் தப்பு இல்லை.'

அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது போன்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"மேடம், படிச்சேன். நேத்து நின்ன நேரமும் திரும்ப வந்த நேரமும் சரியாப் பொருந்துது. திறக்க வேண்டாம்னு எழுதிட்டேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "காரணம்னு ஒரு பட்டியல் வச்சிருக்கோம். பேரிங், பல், எண்ணெய், தளர்வுன்னு இருபத்திரண்டு இருக்கு. இது எதுலயும் சேரல. 'மற்றவை'ன்னு போட்டிருக்கேன்."

"சரி சார்."

"மகள் எந்த ஊருக்குப் போயிருக்காங்க?"

அவள் சொன்னாள். அங்கே குளிராமே என்றார். ஆமாம், ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றாள். சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று அவள் நினைப்பதற்குள், "வேற ஒரு மெஷின் சிவப்பு காட்டுது மேடம், வச்சிடுறேன்," என்று வைத்துவிட்டார்.

ஃபோர்மன் வந்தார். கத்தினார். பம்ப் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மீதி வாயசைவிலேயே புரிந்தது. "பதினாறு நாள்ம்மா! ஒரு ஸ்பூன்! நானும் கரண்டைத் திட்டி, பேரிங்கைத் திட்டி, அந்தப் பையனைத் திட்டி..." கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கத்தினார். இனிமேல் கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும், அந்த அரை மணி நேரம் வேறு ஆள் உட்காருவான் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு முறை பார்த்தால் வேலை இல்லை என்றும் அதில் இருந்தது.

திங்கட்கிழமை கேன்டீனுக்குள் நுழைந்தபோது ஃபிட்டர் பத்துப் பேர் நடுவிலிருந்து, "ஸ்பூன் அக்கா வந்தாச்சு! எல்லாரும் அவங்கவங்க மெஷினைப் பிடிச்சுக்கங்க!" என்று கூவினான். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவன் முகம் விரிந்துதான் இருந்தது, அது போதும். பெண்கள் மேஜையில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். நகர்ந்தவள் விட்ட இடத்திலிருந்து தன் பேச்சைத் தொடர்ந்தாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவள் விரைவாகச் சாப்பிட்டு முடித்து, பன்னிரண்டு நிமிடத்தில் பம்ப் அறைக்குத் திரும்பினாள். மாற்று ஆள், "அதுக்குள்ளயா?" என்று கை விரித்தான்.

அதன் பிறகு இரண்டு வாரம் ஆயிற்று, மஞ்சள் வரவில்லை. திரையில் முப்பது நாள் கோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் தட்டையாக, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. இடப்பக்கம் மட்டும் பதினாலு மேடுகள், ஞாயிற்றுக்கிழமை வரும் இடத்தில் இடைவெளி விட்டு. மகள் போன மறுநாள் முதல் மேடு. அவள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்ட பகல்கள் ஒவ்வொன்றும் அங்கே இருந்தன. வேறு எங்கும் அவற்றை யாரும் குறித்து வைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒன்று இடது ஓரத்தில் நழுவி விழுந்தது. நோட்டில் எழுத எழும்போதெல்லாம் அவள் எண்ணினாள். ஒன்பது. ஐந்து. இரண்டு.

மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "ம், சூடா," என்று சொன்னாள்.

கடைசி மேடு, அந்த வியாழக்கிழமையுடையது, நடுவில் ஒரு சிறு வெட்டோடு இருந்தது. டப்பாவை எடுத்துத் திரும்ப வைத்த அந்த நிமிடம். அது ஓரத்துக்கு வந்த அன்று பதினொன்றேகாலுக்கு அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள். கோடு மெல்ல நகர்ந்தது. வெட்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேடும் போயிற்று. திரை முழுக்கப் பச்சையாக, தட்டையாக இருந்தது.

அவள் நோட்டை எடுத்து மணியை எழுதினாள், சூட்டை எழுதினாள். பின்பக்கம் போய், பதினோரு வருடம் டப்பா உட்கார்ந்த வட்டத்தில் கையை வைத்துப் பார்த்தாள். எப்போதும் போலத்தான் இருந்தது. பன்னிரண்டரைக்கு மாற்று ஆள் கண்ணாடியில் தெரிந்ததும், பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள். நடக்கும்போது மூடிப் பள்ளத்தில் ஸ்பூன் ஆடும் சத்தம் கேட்டது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை.