மாமா கொண்டுவந்த குழாய்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்களுக்குத் தண்ணீர் மாற்றும் நாள். மற்ற வீடுகளில் அன்று கோழிக்கறி, கோவில், பாசாரில் காய்கறி வாங்குவது என்று ஏதேதோ நடக்கும். நாங்கள் மட்டும் வாளியும் கையுமாக ஹாலுக்கும் குளியலறைக்கும் நடந்துகொண்டிருப்போம். நாங்கள் என்று சொல்வது சும்மா ஒரு கௌரவத்துக்கு. தூக்கியதெல்லாம் அம்மாதான். நான் நாற்காலியில் ஏறி நின்று மீன்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரியின் மேல் அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. நான் இரண்டு கையையும் விரித்தாலும் அதன் நீளம் அடங்காது. உள்ளே தங்கமீன்கள். ஆசைப்பட்டு வாங்கி வைத்தவர் அப்பா. வாங்கி வைத்த கையோடு சிங்கப்பூருக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையைத் தடவி, "மீனைப் பாத்துக்க, பாப்பா" என்றார். அம்மாவைப் பொறுத்தவரை மீன் என்பது மஞ்சள் தடவிப் பொரிப்பதற்கு உண்டான பொருள். அதற்குக் கண்ணாடி மாளிகை கட்டி, விளக்குப் போட்டு, பணிவிடை செய்வதெல்லாம் அவருக்குக் கொஞ்சமும் புரியாத சங்கதி. ஆனாலும் செய்தார்.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. தங்கமீனைப் போல அசிங்கம் பண்ணும் பிராணி உலகத்தில் கிடையாது. முதல் நாளே குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த நீல டிரம்மில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். அதிலுள்ள குளோரின் மருந்து வாடை போனால்தான் மீன்களுக்கு ஆகும். மறுநாள் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை டப்பாவால் மொண்டு வாளியில் ஊற்றி, குளியலறையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மொத்தத்தையும் மாற்றிவிடவும் கூடாது, மீன் தாங்காது. அப்புறம் குசினியிலிருந்து புதுத் தண்ணீர், அதுவும் வாளி வாளியாக. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சோறு வரைக்கும் இழுக்கும்.

அப்பாவுக்கும் அன்றுதான் ஓய்வு நாள். போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவார். அம்மா போனை ஒரு மைலோ டின்னில் சாய்த்து, தொட்டியும் ஹாலும் தெரியும்படி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். மீனைப் பார்க்கத்தான் அப்பா கூப்பிடுகிறார் என்று நான் நம்பியிருந்தேன். அங்கே அப்பாவும் சும்மா இருக்க மாட்டார். தங்குமிடத்தில் அந்த வாரத்துத் துணியை அலசுவார், வெங்காயம் நறுக்குவார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது, லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போனது, பருப்பில் எப்போது உப்புப் போடுவது, இப்படி உப்புச் சப்பில்லாத பேச்சுதான் நடக்கும். அம்மா வாளியோடு குளியலறைக்குள் போய்விட்டால் அப்பா வாயை மூடிக்கொண்டு துணியைப் பிழிவார். வாளி மறுபடி ஹாலில் தட்டும் சத்தம் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலது தோளில் வலி வந்தது. முதலில் தைலம் பூசிச் சமாளித்தார். பிறகு எனக்குச் சடை பின்னக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. கிளினிக்கில் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடது கையால் வாளியைத் தூக்கித் தள்ளாடிக்கொண்டு வந்த அம்மாவை அப்பா போனில் பார்த்துவிட்டார்.

"மீனை யாருக்காச்சும் குடுத்துரு லா. கைய கெடுத்துக்காத" என்றார்.

மீன்களைக் கொடுத்துவிட்டால் அப்பா திரும்பி வருவதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? நாங்கள் இருக்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களைத்தான் விட்டுவிட்டுப் போனாரே. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது மீன்களைத்தானே. அன்றைக்கு நான் சாப்பிட மறுத்து, தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அதட்டினார், பிறகு கெஞ்சினார். கடைசியில் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லிச் சோறு ஊட்டினார், இடது கையால்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். அந்த வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தார். கேண்டீன் சாப்பாட்டை நம்ப முடியாது என்று, ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து அக்கா வீட்டுச் சைவச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் அம்மா வாளி தூக்கும் லட்சணத்தைப் பார்த்தார். கையால் செய்யும் எந்த வேலையைப் பார்த்தாலும் மாமாவுக்குக் கை துறுதுறுக்கும். மறு வாரம் ஒரு நீளமான ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

இனிமேல் வாளிக்கு வேலையே இல்லை என்று அறிவித்தார். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையைக் குளியலறைத் தரை வரைக்கும் இழுத்தார். தொட்டி மேலே, குளியலறைத் தரை கீழே, ஒரு தடவை தண்ணீர் இறங்கிவிட்டால் அதுபாட்டுக்குத் தானே ஓடும் என்று எனக்கும், போனில் இருந்த அப்பாவுக்கும் சேர்த்து விளக்கினார். இறங்க வைப்பதற்கு வாயை வைத்து ஒரே ஓர் இழுப்பு. இழுத்தார். வரவில்லை. மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வந்தது, வாய் நிறைய. திடுக்கிட்டதில் ஒரு மடக்கு உள்ளேயும் போய்விட்டது.

துப்பினார், இருமினார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் தொண்டையில் சிக்கியதுதான் காரணம் என்று நினைத்தேன். இல்லை, காவடி சிக்கிவிட்டது. விரதம் இருப்பவர் மீன் தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டாரே, இனி என்ன ஆகும்?

அம்மா தீர்ப்புச் சொன்னார். "நீ மீனைத் திங்கலடா தம்பி. மீன் குளிச்ச தண்ணியத்தான் குடிச்ச."

"குளிச்சது மட்டுமா அக்கா பண்ணுது அதுல?" என்றார் மாமா, பரிதாபமாக.

சிங்கப்பூரில் அப்பா சிரித்த சிரிப்பில் அவருடைய போன் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் எங்களுக்கு அவர் அறையின் கூரை மட்டும்தான் தெரிந்தது. மாமா தலையோடு குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் நின்று வெகு நேரம் பேசினார். முருகன் என்ன சொன்னாரோ, திரும்பி வரும்போது மாமாவிடம் புதிய வழி இருந்தது. குளியலறைத் தண்ணீர்க் குழாயில் ரப்பர் குழாயின் மறு முனையை மாட்டி லேசாகத் திறந்தார். தொட்டிப் பக்கத்து முனை வரைக்கும் தண்ணீர் நிரம்பியதும் சட்டென்று கழற்றித் தரையில் போட்டார். தொட்டித் தண்ணீர் அதன் பின்னாலேயே சமர்த்தாக இறங்கி வந்தது. வாயே தேவையில்லை. புதுத் தண்ணீரையும் அதே குழாயில் திருப்பி விடலாம், மருந்து வாடையைப் போக்க மீன் கடையில் விற்கும் சொட்டு மருந்து இருக்கிறது, முதல் நாள் பிடித்து வைக்க வேண்டியதே இல்லை. ஒரு பானைச் சோறு வேகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மீன்கள் பிழைத்தன, அப்பா வருவார் என்று நான் குதித்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சுலபமாகிவிட்டன. அம்மா குழாயை மாட்டிவிட்டு, நாற்காலியைப் போட்டு, போனுக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அப்பாவும் துணியை ஒதுக்கிவிட்டு நேராக உட்காருவார். போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்பார், ஆயிற்று என்று இவர் சொல்வார். கை எப்படி, பரவாயில்லை. மீன் எப்படி, நன்றாக இருக்கிறது. பிறகு இருவரும் என்னைத் தேவாரம் ஒன்று பாடச் சொல்வார்கள். பாடி முடிந்ததும் அப்பா, "சரி, வச்சிரவா?" என்பார். அம்மா தலையாட்டுவார். போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோள் வலி குறைந்துகொண்டு வந்தது, முகம் மட்டும் தெளியவில்லை.

தைப்பூசம் கழிந்தது. மாமா ஒரு குறையும் இல்லாமல் காவடியை மலை ஏற்றினார். அடுத்த வாரம் நான் தேவார வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பாதி வாளிதான், இடது கையில். குழாய் ஆணியில் தொங்கியது. எனக்கு வந்ததே கோபம். எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கத்தினேன்.

"பைப்புத் தண்ணி வேகமா வருதுல்ல, மீனுங்க மெரண்டு போவுதுடி" என்றார் அம்மா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மீன்கள் எப்போதும்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போனில் அப்பா எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அவராவது அதட்டுவார் என்று பார்த்தேன், என்னைக் கவனிக்கவே இல்லை. யாரோ ஒரு நண்பர் பருப்பை அடிபிடிக்க விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஹால் நடுவில் நின்று சிரித்ததில் வாளித் தண்ணீர் தரையில் தளும்பியது.

மாமா அப்போது வாசலில், மொட்டைத் தலையோடு, ஒரு செருப்பைக் கழற்றி மறு செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பருப்புக் கதை முடியும் வரைக்கும் உள்ளே வரவில்லை. பிறகு சத்தமில்லாமல் வந்து, ஆணியிலிருந்த குழாயை எடுத்துச் சுற்றினார். மோட்டார் கழுவ வேண்டும், இதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமல், எடுத்துக்கோ என்றார்.

குழாயைக் கீழே மோட்டாரில் வைத்துவிட்டு வரப் போனவர் பின்னால் நான் லிஃப்ட் வரைக்கும் அழுதுகொண்டே ஓடினேன். அம்மாவுக்கு மறுபடியும் கை வலிக்கும், மீன்களைக் கொடுத்துவிடுவார்கள், குழாயைக் கொடுங்கள் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா குனிந்து என் கண்ணைத் துடைத்தார்.

"பாதி வாளின்னா வலிக்காது, பாப்பா. முழு வாளி தூக்குனா எனக்குப் போன் போடு" என்றார்.

அந்தக் குழாயை மாமா ஏன் எடுத்துப் போனார் என்று இன்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. சாப்பாட்டின்போது அவர் பக்கம் அப்பளத் தட்டை நகர்த்தவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். அவ்வளவு பெரிய தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்குத் தன் மோட்டாரைக் கழுவ ஒரு குழாய் வாங்க வக்கில்லையா? பினாங்கிலேயே பெரிய கஞ்சன் என் மாமாதான் என்று மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன்.