மீட்டர்களுக்கு இடம் விட்டவர்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படம் பிடித்து, எண்ணைப் பதிந்து அனுப்புவது அவருடைய வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். வீடுகளில் அதுகூட இல்லை; "யாரோ வந்திருக்காங்க" என்பதோடு சரி.

அன்று காலை பச்சை கேட் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் குனிந்து, போனை மீட்டருக்கு நேராகப் பிடித்திருந்தார். கேமரா திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாள் கையில் கரண்டியோடு அடுப்பையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், மீட்டர் ஓடலையா?"

"மீட்டர் நல்லா ஓடுதும்மா. போன்தான் ஓடல."

"இது திறக்கறதுக்குள்ள இன்னும் பத்து யூனிட் ஏறிடும் போலிருக்கே!"

அவர் சிரித்து வைத்தார். தெருவுக்கு ஒருவராவது சொல்லும் நகைச்சுவை இது. கடைசியில் கேமராவுக்குப் பதிலாக அறிவிப்புதான் வந்தது: இடம் போதவில்லை.

மகள் பிறந்த வருஷம் வாங்கிய போன். இடம் கேட்கும்போதெல்லாம் எதையாவது அழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். முதலில் சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் போயின. பிறகு மச்சினன் கல்யாணம். பிறகு மகளின் படங்கள், கொஞ்சம் கொஞ்சமாக: நாற்காலிக்கு அடியில் தூங்கியது, முதல் பல் விழுந்த சிரிப்பு. மிஞ்சியது ஒரே ஒரு வீடியோ. பீரோவைப் பிடித்து நின்ற குழந்தை, கையை விட்டு, அவர் முழங்கால் வரைக்கும் முதல் முதலாக நடந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அதன்மேல் விரல் படாமல் தாண்டிப் போவார்.

"புது போன் வாங்குங்க, இல்லேன்னா உங்க தெருவையெல்லாம் வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்று மேலதிகாரி முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்.

"சார், அடுப்புல தீயுது!" என்றார் அந்த அம்மாள்.

கட்டைவிரல் இறங்கியது. வீடியோ போயிற்று. கேமரா திறந்தது. மீட்டர் படம் மிகத் தெளிவாக விழுந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜெராக்ஸ் கடை மூலையில் மேசை போட்டு போன் பழுது பார்க்கும் பெண்ணிடம் போய், இடம் போதாமல் மகள் படங்களையெல்லாம் அழித்ததைச் சொன்னார். அவள் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை வாங்கினாள்.

"எதுக்குண்ணே குப்பை அழிக்கற கிளீனர் ஆப் மூணு?"

"போன் வேகமாகும்னு ஆபீஸ்ல ஆளுக்கொண்ணு போட்டுக் குடுத்தாங்க."

"மூணும் உள்ள உக்காந்து பெருக்கிக்கிட்டே இருக்கு. அப்புறம் வீட்டுக்காரர் எப்படி நுழைவாரு? மூணையும் தூக்குங்க."

ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் எல்லா ஆப்பையும் தள்ளி மூடிவிடுவதைப் பெருமையாகச் சொன்னார். அவள் தலையில் கை வைத்தாள். "தோசைக்குத் தோசை அடுப்பை அணைச்சு அணைச்சுப் பத்தவைப்பீங்களா? அப்படியே விடுங்கண்ணே. பேட்டரிக்கும் வயசாயிடுச்சு. நடுவுல அணைஞ்சுடக் கூடாதேன்னு போன் தானாவே மெதுவா நடக்குது. பேட்டரியை மாத்தினா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆனா இந்த மாடலுக்கு அப்டேட் நின்னுபோச்சு, பேங்க் வேலை மட்டும் இதுல வேணாம்."

பேசிக்கொண்டே எதையோ திறந்தவள் நிறுத்தினாள். விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, இதெல்லாம் யார் வீட்டு மீட்டர்?"

எல்லார் வீட்டு மீட்டரும்தான். பச்சை கேட் வீடு, நாய் இருக்கும் வீடு, மூடிக் கிடக்கும் தையல் கடை. வருஷக்கணக்காக அவர் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி, கண்ணில் படாத மூலையில் குவிந்து கிடந்தது.

"அனுப்பினதும் போயிடும்னு நெனச்சேன்."

"போகல. இடத்தை அடைச்சிருக்கறதே இதுதான். பொண்ணு போட்டோவை அழிச்சுட்டு ஊரான் மீட்டரை வச்சிருக்கீங்களே!"

"காலைல அழிச்ச வீடியோ வருமாம்மா?"

"ஒரு மாசம் குப்பைத்தொட்டியிலதான் கிடக்கும்" என்று சொல்லித் திறந்தாள். காலி. கிளீனர்களில் ஒன்று அதையும் பெருக்கிவிட்டு, மேலே அறிவிப்பும் போட்டிருந்தது: வாழ்த்துகள்! உங்கள் போன் இப்போது சுத்தம்.

"வேற யாருக்காவது அனுப்பியிருக்கீங்களாண்ணே?"

"இல்ல."

அவள் கிளீனர்களையும் மீட்டர் படங்களையும் அழித்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "அழிக்கறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன். கேட்டவங்கல்லாம் கிளீனர் போட்டுக் குடுத்தாங்க."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலை வைத்தாள். "நான் வேணா மறுபடி நடக்கறேன்பா. எடுத்துக்கோ."

அவர் பதில் சொல்வதற்குள் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர் போனை எடுத்தார். தொட்டதும் கேமரா திறந்தது. அந்த வேகம் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மகள் கைகளை விரித்து, தள்ளாடி, இரண்டு இடத்தில் வேண்டுமென்றே விழுந்து எழுந்து வந்தாள்.

"இப்படியா நடந்தே நீ? குடிகாரி மாதிரி இருக்குடி!" என்றாள் மனைவி.

மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அதே மாதிரி இருந்துச்சாப்பா?"

"இல்ல," என்றார். "அன்னைக்கு நீ விழவே இல்ல. நேரா வந்தே."

அவள் பீரோவுக்குத் திரும்பிப் போனாள்.

"சரி, விழாம வரேன். எடு."