டோக்கன் இல்லாத பொருள்

நஞ்சைக் கண்டத்தில் அடக்கிய நாதன் தாள் வணங்கி எழுதுகிறேன்.

அன்று சோமவாரப் பிரதோஷம். மயிலாப்பூர்க் கோயில் வாசலில் செருப்புகளைக் காக்கும் ஒருவர், குடியை நிறுத்தச் சிகிச்சை பெற்று வந்தார். மெலிந்த உடல், நெற்றி நிறையத் திருநீறு, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. டோக்கனைக் காட்டாத எவருக்கும் செருப்பைத் தரமாட்டார்.

அன்று என் செருப்பை வாங்கி வைத்துவிட்டு, ஒரு சிகரெட் பெட்டியை என் கையில் திணித்தார்.

“தண்ணிய உட்டு ரெண்டு மாசம் ஆவுது சாமி. இத்தயும் உடு, இத்த பத்த வச்சா அதுவும் கூப்புடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்கல்லாம் உள்ள பூட்டா சும்மா குந்திகினு இருப்பேன், கை கேக்காது. வச்சிக்கோ.”

“சந்நிதிக்கா இதைக் கொண்டு போறது?” என்று பதறினேன்.

“அவரு தொண்டையிலயே வெஷம் கீது. இதுக்கா கோச்சிக்கப் போறாரு?”

பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வலம் வந்தேன். ஐந்தெழுத்தை ஓதும்போதெல்லாம் புகையிலை மணந்தது.

தீபாராதனை கண்டு திரும்பியபோது அவர் விரல்கள் டோக்கன்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தன. கண்கள் என் மடியிலேயே நின்றன. அடைக்கலப் பொருளைத் திருப்பித் தருவதே முறை என்றெண்ணிப் பெட்டியை நீட்டினேன்.

அவர் கிராம்பை மறுகடைவாய்க்கு மாற்றினார்.

“நீ எனக்கு டோக்கன் குட்த்தியா? டோக்கன் இல்லாம பொருள் வாங்கறது நம்ம கடையில கெடையாது. போய்ட்டு வா சாமி.”

வீட்டில் மருமகள் இந்தப் பெட்டியைக் கண்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் உறுதியை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இதை வாசிப்போர் யாவர்க்கும், விட்டதைத் திரும்பக் கேளாத திடத்தை நீலகண்டன் அருள்வானாக.