ஜெனரலுக்கு டைப் அடித்த காலம்

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. என் எம்.காம். பட்டத்தை யாரும் சீந்தவில்லை. உங்களைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டே எல்லா ஆபீசிலும் திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லும் ஒரு கடிதத்துக்காகத்தான் அதே ஊரில் எப்சம் பகுதியில் இருந்த ஒரு கிழ ஜெனரலிடம் டைப் அடிக்கப் போனேன்.

அவர் தன் நாட்டில் ராணுவத் தளபதியாக இருந்து, ஆட்சியைப் பிடித்து, பத்தொன்பது நாள் நாட்டை நடத்தி, இன்னொரு தளபதியிடம் பறிகொடுத்துவிட்டு ஓடி வந்தவர். பத்தொன்பது நாள்! எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் அதைவிட அதிகமாக வரும். ஹீட்டர் முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தன் வாழ்க்கையைக் கையால் எழுதுவார். வாரத்தில் மூன்று நாள் போய் நான் அதை டைப் அடிப்பேன். சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்ததற்கு இருபது பக்கம் எழுதியவர், ஆட்சிக்கு ஒரே பக்கம்தான் எழுதினார். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றினார்.

தலைப்புகளைத் தவிர நான் அடித்த எதையும் படிக்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருச்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்தவள் நான். "அர்த்தம் பார்த்தா ஸ்பீடு போயிடும்" என்று மாஸ்டர் ஸ்கேலால் விரலில் தட்டுவார். கண் காகிதத்தில், விரல் எழுத்தில், மூளைக்கு அங்கே வேலை கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

ஜெனரல் வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே! பாபடோயிட்டோயில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எடுத்து வந்து சமையலறையில் வைப்பேன். என்னோடு அந்த வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா அவற்றில் கடை லிஸ்ட் எழுதுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா லிஸ்டை எழுதி முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டைக் கலைத்து இன்னும் இரண்டு தாள்களைத் தேடியெடுத்து, மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது ஆர் எழுதினது?"

"ஜெனரல்தான் அக்கா."

"நீர் வாசிக்கேல்லையோ?"

அப்போதுதான் வாசித்தேன். முதல் தாளில், சந்தையில் கூடிய ஜனங்களை அவர் உத்தரவுப்படி ராணுவம் சுட்டதில் நாற்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள். இரண்டாவதில் சிலர் இறந்திருந்தார்கள். மூன்றாவதில் சந்தையில் அமைதி திரும்பியிருந்தது. மூன்றிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அக்காவின் தம்பியை ராணுவம் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஆறு வருடம். ஆள் என்ன ஆனார் என்று தெரியாது.

"என்ரை தம்பியையும் ஆரோ ஒருத்தி இப்பிடித்தான் டைப் அடிச்சு இல்லாமல் ஆக்கியிருப்பாள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவரிட்டைக் கேளும். அந்தச் சனத்தைத் திரும்ப எழுதச் சொல்லும்."

"கேக்கறேன் அக்கா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். என் கடிதத்தை அன்றைக்குத் தருவதாக ஜெனரல் முந்தின வாரமே சொல்லியிருந்தார். ஆட்சியைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் கடைசியாக ஒருமுறை அடித்துவிடச் சொன்னார். அதில் சந்தையே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அர்த்தம் பார்த்து அடித்தேன். ஸ்பீடு குறையவே இல்லை.

பையை நான் திறக்கவில்லை; கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் மனுகாவில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. கேட்டேனா என்று அக்கா ஒருநாளும் விசாரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெனரல் அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். புத்தகம் அச்சாகவில்லை. அந்தக் கடிதத்தையும் மூன்று தாள்களையும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. கடிதத்தில் ஜெனரல் என்னைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: கொடுத்ததை இவர் அப்படியே அடித்துத் தருவார், எதுவும் கேட்க மாட்டார்.