உயிரோடிருப்பதற்கு ஒரு மாற்று வழி

புருஷன் போன பிறகு எனக்கு வருகிற பென்ஷனுக்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும். குமணன்சாவடி பக்கத்து ஆபீசில் மெஷின்மேல் விரலை வைத்தால் போதும் என்பார்கள். போன வருஷம் அது போதவில்லை. ஒரு வாரமாக நடக்கிறேன், "சர்வர் டவுன், நாளைக்கு வா" என்கிறான் ஜன்னல்காரன். கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைக்கு முடியாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

மாடியில் குடியிருக்கிற ஈரோட்டுக்காரிக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எனக்கு அவளைப் பிடிக்காது. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவள். எந்தக் கம்ப்யூட்டர் எத்தனை நாள் விழாமல் ஓடும், விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழும் என்று கணக்குப் போடுவதுதான் உத்தியோகமாம். அன்றைக்குக் காலையில் அவளைப் பிடித்து, ஆபீஸ் சர்வர் விழுந்து கிடக்கிற கதையைச் சொன்னேன்.

"அப்போ சொல்லு, அது எப்ப எய்ந்துக்கும்?"

"அப்படி நேரம் சொல்ல முடியாதுங்க பாட்டி. மெசினு, லைனு, சர்வரு, தனித்தனியா நல்லாத்தான் ஓடும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்துட்டா, எது படுத்தாலும் மொத்தமும் படுத்துக்கும்."

"இத்த சொல்றதுக்கா சம்பளம் குடுக்குறான்?"

சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைக்காவது விழும்னு தெரிஞ்சுதானுங்க மாத்து வழி ஒண்ணு வைப்போம். அங்கயும் இருக்கும், கேளுங்க."

நேராக ஆபீசுக்குப் போனேன்.

"சர்வர் டவுன் பாட்டி. நாளைக்கு வா."

"நாளைக்கு உன் கணக்குல நான் செத்தவ. மாத்து வழி இன்னா கீது, அத்த எடு."

"மாத்து வழியா? வானகரத்துல திரும்பி பைபாஸ்ல போ."

வரிசையே சிரித்தது.

"மெஷின் வர்றதுக்கு முன்னால ஒருத்தனும் உசுரோட இல்லியாடா?" என்று கத்தினேன். உள்ளே இருந்த அதிகாரி எட்டிப் பார்த்து, "பேப்பர்ல வாங்கிடேன்யா" என்றார். அந்தப் பேப்பர் ஒரு வாரமாக இவன் இழுப்பறையிலேயே கிடந்திருக்கிறது!

எடுத்துப் போட்டான். கேட்காமலே மைப்பெட்டியையும் திறந்து, என் கட்டை விரலைப் பிடிக்கக் கையை நீட்டினான். "கைநாட்டு வை."

பெட்டியை அவன் பக்கமே தள்ளினேன்.

"பேனா குடு."

எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம்தான். அதில் என் பேர் சுத்தமாக வரும். புள்ளிகூட விடாமல் ஒவ்வொன்றாக எழுதினேன்.

"சீக்கிரம் பாட்டி, ஜனம் நிக்குது."

"நிக்கட்டும். ஒரு வாரம் நான் நிக்கல?"

அவன் முத்திரை குத்துகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை.