இரண்டு கொம்பிலும் சுண்ணாம்பு

சயான் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கையில் பினாயில் வாடை போகவில்லை. மாட்டு ஆஸ்பத்திரி வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன்.

யுத்த காலம் அது. நொண்டி மாடுகள் ஓயாமல் வந்தன. பிழைக்காது என்று டாக்டர் சொன்ன மாட்டின் ஒரு கொம்பில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். கம்பவுண்டர் சுடலை அண்ணாச்சி அதற்கு விஷ ஊசி போடுவார். முன்பெல்லாம் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் போடுவாராம். நான் சேர்ந்த காலத்தில் மாட்டின் முகத்தையே அவர் பார்ப்பதில்லை.

அன்று வெள்ளைக் கொம்போடு நின்ற காளையை நான் இழுத்துப் பிடித்தேன். அவர் ஊசியை ஓங்கினார். தாராவி வண்டிக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

“நிறுத்துங்க அண்ணாச்சி! குளம்புப் புண்ணுக்குல்லா கொண்டாந்தேன். இது பொங்கலுக்குப் பூசுன சுண்ணாம்பு!”

இரண்டு கொம்புமே முழுக்க வெள்ளை. அன்று மாட்டுப் பொங்கல் என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

“அப்படியா? சரி, அவுத்து வுடுலே. அடுத்ததக் கொண்டா” என்றார் அண்ணாச்சி.

அவர் குரல் மாறவில்லை. என் கையும் நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பயந்துபோனேன். அடுத்த மாட்டை அவிழ்க்காமல் வெளியேறிவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவில் மாடு எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்காமல் தாண்டுவதில்லை. மறுநாள் காலை மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறி வண்டிக்கு ஆள் கேட்டார்கள். இழுப்பது மாடா, ஆளா என்று கேட்டேன். ஆள்தான் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.